2008ல போட்ட கராஜ் டோர் ஓப்பனர் நல்லாவே ஓடுது, ஸ்மார்ட் ஓப்பனருக்கு மாத்தலாமா?

கேள்வியில நீங்க எழுதினது: டெக்சஸ்ல பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கீங்க, 2008ல போட்ட லிஃப்ட்மாஸ்டர் கம்பெனி செயின் டிரைவ் ஓப்பனர் (கராஜ் கதவை செயின் வெச்சு இழுத்துத் திறந்து மூடுற மோட்டார்) இருக்கு, குறை ஒண்ணும் இல்ல, ஆனா பக்கத்து வீட்டுக்காரர் போன்லயே கதவைத் திறந்து மூடுறதைப் பார்த்து வீட்டுல ஆசைப்படுறாங்க, புதுசு மாட்ட கூலியோட 500 டாலர் கேக்குறாங்க. நானும் டல்லாஸ் பக்கம்தான், அதனால இதுல கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

புது மோட்டார் வேண்டாம். இருக்கிற மோட்டார் மேலயே 30லிருந்து 60 டாலருக்குள்ள ஒரு சின்ன டப்பா மாட்டினா பக்கத்து வீட்டுக்காரர் செய்யுற அத்தனையும் நீங்களும் செய்யலாம். அந்த டப்பா கூட தேவையாங்கிறது நீங்க எதுக்காக கேக்குறீங்கங்கிறதைப் பொறுத்தது.

போன்ல திறக்கிறதுக்காகன்னா சத்தியமா வேஸ்ட்டுங்க. கார்ல சன் வைசர்ல ரிமோட் தொங்குது, நிறைய கார்ல உள்ள இருக்கிற கண்ணாடியிலயே ஹோம்லிங்க்னு கராஜைத் திறக்கிற பட்டன் இருக்கு, ஒரு அமுக்கு அமுக்கினா கதவு திறக்குது, இதை விட்டுட்டு போனை எடுத்து லாக்கைத் திறந்து ஆப்பைத் தேடி அது எங்கயோ இருக்கிற சர்வரைக் கேட்டு பதில் வர்ற வரைக்கும் டிரைவ்வேல உக்காந்திருக்கணுமா? உண்மையான பிரயோஜனம் மூடுறதுலதான் இருக்கு, அதாவது கிளம்பி ஹைவே ஏறினப்புறம் "ஏங்க, கராஜை மூடினோமா?"ன்னு பக்கத்து சீட்டுல இருந்து ஒரு குரல் வரும் பாருங்க, அதுக்கு. நம்ம ஆளுங்க வீட்டுல முன்வாசல் விருந்தாளிக்கும் பார்சலுக்கும்தான், வீட்டுக்காரங்க போக வர எல்லாம் கராஜ் வழியாத்தான், செருப்பு ஸ்டாண்டு, ரெண்டாவது ஃப்ரிட்ஜ், அரிசி மூட்டை எல்லாம் அங்கதான், கராஜிலிருந்து வீட்டுக்குள்ள போற கதவை பாதிப்பேர் பூட்டுறதே இல்ல. அப்ப ராத்திரி கராஜ் திறந்து கெடந்தா வீடே திறந்து கெடக்குதுன்னு அர்த்தம். ராத்திரி 10 மணிக்கு மேல திறந்திருந்தா போனுக்கு ஒரு மெசேஜ் வரணும், படுக்கையில இருந்தே மூடணும், இந்த ரெண்டுக்காக நீங்க காசு செலவு பண்ணா நான் தப்பு சொல்ல மாட்டேன். சில ஹெச்ஓஏ, அதாவது ஏரியா வீட்டுக்காரங்க சங்கம், கராஜ் திறந்தே இருந்தா லெட்டர் வேற அனுப்புவாங்க.

ஆனா எது வாங்குறதுக்கும் முன்னாடி கதவைப் பாருங்க. ஓப்பனர்தான் கதவைத் தூக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பாரத்தைத் தாங்குறது மேல கம்பியில சுத்தியிருக்கிற ஸ்பிரிங்தான், மோட்டார் மேட்டுல ஏறுற மாட்டு வண்டியை பின்னாலிருந்து தள்ளி விடுற ஆள் மாதிரி. கதவு மூடியிருக்கும்போது ஓப்பனர்லருந்து தொங்குற அந்த சிவப்பு கயித்தை இழுத்து மோட்டாரைக் கழட்டி விட்டுட்டு கையால பாதி வரைக்கும் தூக்கி விட்டுப் பாருங்க. நின்ன இடத்துல நின்னா ஸ்பிரிங் நல்லா இருக்கு, தடால்னு இறங்கினாலோ இல்ல தூக்கவே முடியலைன்னாலோ உங்க 500 டாலர் அங்கதான் போகணும். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 தடவை திறந்து மூடுறதுக்குத்தான் கணக்கு பண்ணி செய்யுறாங்க, ஒரு நாளைக்கு நாலு அஞ்சு தடவைன்னு வெச்சா ஆறேழு வருஷம், வாங்கின வீட்டுல எத்தனை ஓடியிருக்கோ யாருக்குத் தெரியும். (ஸ்பிரிங்கை மட்டும் யூடியூப் பார்த்து நீங்களே கழட்டாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க, முறுக்கி வெச்சிருக்கிற விசை கையை உடைச்சிடும்.)

அடுத்து சேஃப்டி. 1993 ஜனவரி 1லிருந்து அமெரிக்காவுல தயாராகுற வீட்டு ஓப்பனர்ல ஆள் மாட்டிக்காம இருக்க கூடுதல் பாதுகாப்பு இருந்தே ஆகணும்னு சட்டம், கதவுக்கு ரெண்டு பக்கமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள்ள இருக்கிற அந்த ரெண்டு கண்ணு (சென்சார்) அதுக்காக வந்ததுதான். கதவு இறங்கும்போது தொடப்பத்தை குறுக்க நீட்டுங்க, திரும்பி மேல போகணும். அப்புறம் ஒரு டூ பை ஃபோர்ங்கிற மரக்கட்டையை நடுவுல படுக்க வெச்சு மூடுங்க, கட்டையைத் தொட்டதும் திரும்பணும். நேர்ல நின்னு மூடும்போதே இது வேலை செய்யலைன்னா, ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு கண்ணால பாக்காம மூடுற வசதியை அந்தக் கதவுக்கு குடுக்கிறது ரொம்ப ஆபத்து, அதுவும் வீட்டுல குழந்தை இருந்தா. இதனாலதான் ஆள் இல்லாம தூரத்துலிருந்து மூடும்போது முதல்ல கொஞ்ச நேரம் பீப் அடிச்சு லைட் மின்னணும்னு யூஎல் 325ங்கிற பாதுகாப்பு தர விதி இருக்கு. புதுசா மாட்டினவங்க எல்லாரும் அந்த பீப் சத்தத்தை எப்படி நிறுத்துறதுன்னுதான் முதல்ல தேடுவாங்க, நிறுத்தாதீங்க.

இப்ப உங்க மெஷின். ஏணி போட்டு ஏறி மோட்டார் பின்னாடியோ லைட் கவர் கிட்டயோ லேர்ன் பட்டன் (புது ரிமோட்டை மோட்டாரோட சேர்க்கிறது) என்ன கலர்னு பாருங்க. 2008ன்னா அநேகமா பர்ப்பிளா இருக்கும். பர்ப்பிள்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏன்னா சுவத்துல இருக்கிற பட்டன் ரெண்டு வயரை ஒண்ணோட ஒண்ணு தொட வைக்குது, அவ்வளவுதான், மெராஸ் பிராண்டு மாதிரி எந்த சின்ன ரிலே டப்பாவும் (போன்ல இயக்குற ஸ்விட்ச்) அதே வேலையைச் செஞ்சிடும். 2011க்கு அப்புறம் வந்த மஞ்ச பட்டன் மாடல்ல சுவத்து பட்டனும் மோட்டாரும் வயர் வழியா ரகசிய பாஷையில பேசிக்கும், அங்க வெறும் ரிலே செல்லாது, தனியா ஒரு அடாப்டர் வேணும். எங்க வீட்டுல மஞ்சதான், அதனாலதான் இதெல்லாம் தெரிய வேண்டியதா போச்சு.

லிஃப்ட்மாஸ்டர் கம்பெனியோட சொந்த டப்பாவான மைக்யூ ஹப் எடுத்தா மோட்டாருக்கு வயரே இழுக்க வேண்டாம், கதவுல ஒரு சின்ன சென்சார் ஒட்டிட்டா அது நிமிர்ந்திருக்கா படுத்திருக்கான்னு பார்த்து மூடியிருக்கு திறந்திருக்குன்னு சொல்லும், அதுக்குள்ள ஒரு காயின் பேட்டரி, அதை எப்பயாவது மாத்தணும். மாட்டுறது ரொம்ப சுலபம். ஆனா அது முழுக்க அவங்க சர்வரை நம்பித்தான் ஓடும், இங்கதான் எனக்கு மனசு வரல. சேம்பர்லைன் குரூப்தான் லிஃப்ட்மாஸ்டரும் மைக்யூவும், 2021ல பிளாக்ஸ்டோன்ங்கிற முதலீட்டு கம்பெனி அதை வாங்கினாங்க. 2023 கடைசியில, ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு ஸ்மார்ட் பொருளை எல்லாம் ஒரே இடத்துலிருந்து இயக்குறது) மாதிரி வெளி சாஃப்ட்வேர் மூலமா உங்க கதவை நீங்களே இயக்குறதை அந்தக் கம்பெனி அடைச்சிடுச்சு. யூசர்ல 0.2 சதவீதம் பேர்தான் இப்படி பண்றாங்க, ஆனா டிராஃபிக்ல பாதிக்கு மேல அவங்களோடதுன்னு காரணம் சொன்னாங்க. அவங்க கஷ்டமும் புரியுது, ஆனா காசு குடுத்து வாங்கின பொருள் நேத்து வரைக்கும் செஞ்ச வேலையை இன்னைக்கு செய்யாதுன்னா எப்படி? டெஸ்லா வெச்சிருக்கிறவங்க கார் ஸ்கிரீன்ல மைக்யூ வேணும்னா அதுக்கு சந்தா வேற.

அந்தக் கோபத்துல பிரபலமானதுதான் ராட்ஜிடிஓன்னு ஒரு குட்டி சர்க்யூட் போர்டு, சுவத்து பட்டன் போற வயர்லயே சேர்ந்து வீட்டு வைஃபைக்குள்ளயே பேசும், வெளி சர்வர் கிடையாது, இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள்ள ஓடும், மஞ்சளுக்கும் சரி பர்ப்பிளுக்கும் சரி. ஏற்கெனவே ஹோம் அசிஸ்டன்ட் ஓட்டுறவரா இருந்தா கண்ணை மூடிட்டு இதை எடுங்க, நானும் அதான் வெச்சிருக்கேன். அதெல்லாம் என்னன்னே தெரியாதுன்னா மைக்யூவே போதும், சும்மா எனக்காக கஷ்டப்படாதீங்க.

ஹேக் பண்ணிடுவாங்களான்னு பயம் இருக்கும். பேர் தெரியாத மலிவு பிராண்டுக்கு அந்த பயம் நியாயம்தான், 2023 ஏப்ரல்ல நெக்ஸ்ங்கிற கம்பெனியோட கராஜ் கன்ட்ரோலர்ல எல்லா டிவைசுக்கும் பொதுவா ஒரே பாஸ்வேர்டு இருந்தது வெளிய வந்துச்சு, யார் வேணா யார் வீட்டு கதவை வேணா உலகத்துல எங்கயிருந்தும் திறக்கலாம்கிற நிலைமை, அமெரிக்க அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு சிஸாவே எச்சரிக்கை விட்டாங்க. ஆனா பழசுன்னா பத்திரம்னும் சொல்ல முடியாது. ரிமோட்டுக்குள்ள குட்டி குட்டி ஸ்விட்ச் வரிசையா இருக்கிற ரொம்ப பழைய மாடலை, 2015ல சாமி கம்கார்ங்கிறவர் ஒரு பொம்மை மெசேஜ் கருவியை மாத்தி எழுதி பத்து செகண்டுக்குள்ள திறந்து காட்டினார். உங்களோடது ஒவ்வொரு தடவையும் ரகசிய நம்பர் மாறுற வகை, அந்த வித்தை இதுகிட்ட பலிக்காது. நிஜத்துல திருடன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்ங்க, டிரைவ்வேல நிறுத்தின கார் கண்ணாடியை உடைச்சு ரிமோட்டை எடுப்பான், இல்ல கதவோட மேல் இடுக்குல கம்பியை விட்டு அந்த சிவப்பு கயித்தை இழுப்பான். ரெண்டுக்கும் ஸ்மார்ட் ஓப்பனர் பெருசா ஒண்ணும் பண்ணாது, திறந்துச்சுன்னு மெசேஜ் வரும், அவ்வளவுதான். உள்கதவுக்கு ஒரு நல்ல டெட்போல்ட் போட்டு பூட்டுங்க, அதுக்கு ஆப் வேண்டாம்.

இன்னொண்ணு, ஊர்லருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாசம் தங்குவாங்கன்னா ஆப்பை விட வெளிய சுவத்துல ஒட்டுற கீபேடுதான் வரம். எங்க அப்பா காலையில வாக்கிங் போறப்ப போனை எடுத்துட்டே போக மாட்டார், நாலு நம்பர் அமுக்கி உள்ள வந்துடுவார், பையனும் ஸ்கூல் பஸ் இறங்கி அப்படித்தான் வர்றான். 40 டாலர் கிட்ட வரும், பர்ப்பிளுக்கு ஒத்து வர்றதான்னு மட்டும் பார்த்து வாங்குங்க.

மோட்டாரையே மாத்தணும்னா அதுக்கு வேற காரணம் இருக்கணும். அந்த ரெண்டு கண்ணே இல்லாத பழைய மெஷின், இல்ல ஸ்விட்ச் வகை ரிமோட், இல்ல கராஜுக்கு மேல பெட்ரூம் இருந்து செயின் சத்தத்துல குழந்தை முழிச்சிக்குது, அப்ப செயினுக்கு பதிலா பெல்ட்ல ஓடுற, சத்தம் கம்மியான பெல்ட் டிரைவ் வாங்குங்க, இப்ப வர்றதுல பெரும்பாலும் வைஃபை சேர்ந்தேதான் வருது, தனியா அதுக்குன்னு காசு குடுக்க வேண்டியதில்ல. கரன்ட் அடிக்கடி போற ஏரியாவா இருந்தா பேட்டரி பேக்கப் இருக்கிறதா பாருங்க. கலிஃபோர்னியாவுல 2017 காட்டுத்தீயில கரன்ட் போய் கராஜ் கதவைத் திறக்க முடியாம ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க, அதுக்கப்புறம் 2019 ஜூலையிலிருந்து அங்க புதுசா மாட்டுற ஓப்பனர்ல பேட்டரி கட்டாயம் ஆயிடுச்சு. டெக்சஸ்ல அப்படி சட்டம் இல்ல, ஆனா கரன்ட் இல்லாம தவிச்ச 2021 பிப்ரவரி குளிரை இங்க இருந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

ஆக உங்க கேஸ்ல வரிசை என்னன்னா ஸ்பிரிங், கண்ணு, உள்கதவு பூட்டு, அப்புறம் வேணும்னா டப்பா. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி போனை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல போட்டுட்டு கராஜ்ல மோட்டாருக்குக் கீழ நின்னு, கதவை மூடிட்டு, சிக்னல் எத்தனை கோடு காட்டுதுன்னு பாருங்க, இந்த டப்பாவுல நிறைய 5 கிகாஹெர்ட்ஸ்ல பேசாது. ஒரு கோடுதான் வருதுன்னா முதல்ல ரவுட்டர் பக்கம் ஏதாவது பண்ணுங்க. மாட்டினப்புறம் ரிமோட் தூரம் திடீர்னு குறைஞ்சா டப்பாவைத் திட்டாதீங்க, மோட்டார்ல மலிவு எல்இடி பல்பு போட்டிருக்கீங்களான்னு பாருங்க, பாதி நேரம் அந்த பல்பு கிளப்புற இரைச்சல்தான் காரணம்.