முதியவர்கள், குழந்தைகளோடு மூன்று நாளில் ஜெய்சல்மர்: எப்படித் திட்டமிடுவது?

டிசம்பர் கடைசியில், வயதான பெற்றோர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் சகிதம் ராஜஸ்தானின் பாலைவன ஊரான ஜெய்சல்மர் போகிறோம், இரண்டு ராத்திரி தங்குகிறோம், எதை எப்போது பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கோட்டை, ஹவேலிகள் என்னும் பழைய மாளிகைகள், காடிசர் ஏரி, சாம் மணல்மேடு, குல்தரா, தனோட் மாதா கோயில், லோங்கேவாலா என்று பட்டியலும் நீங்களே போட்டுவிட்டீர்கள். கடைசி இரண்டையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

அவை மோசமான இடங்கள் என்பதால் அல்ல. லோங்கேவாலா 1971 போரில் பெயர்பெற்ற எல்லைக் காவல்முனை, பெரிய பையன் இருந்தால் ஆசைப்படுவான்தான். ஆனால் தனோட் மட்டுமே ஊரிலிருந்து 120 கிலோமீட்டர். இரண்டையும் பார்த்துத் திரும்ப ஒரு பகல் முழுக்க காருக்குள் போய்விடும். உங்களிடம் இருக்கும் முழு நாளே ஒன்றுதான். ஜோத்பூரில் இறங்கி வந்தால் சாலையிலோ ரயிலிலோ ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. முதல் நாளிலும் கடைசி நாளிலும் பாதி அதிலேயே போய்விடுகிறது. குளிர்கால சீசனில் சில ஊர்களிலிருந்து ஜெய்சல்மருக்கே விமானம் விடுவார்கள், நேரம் ஒத்துவந்தால் யோசிக்காமல் போடுங்கள்.

அடுத்தது தங்குமிடம். கோட்டைக்குள்ளேயே அறை எடுக்கச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். 1156-ல் ராவல் ஜைசல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. இன்றைக்கும் சில ஆயிரம் பேர் உள்ளே குடியிருக்கிறார்கள். மழையே அரிதான ஊருக்காகக் கட்டியது. பிற்பாடு குழாய்த் தண்ணீரும் ஓட்டல்களும் வந்து, கழிவுநீர் குன்றுக்குள் இறங்கி மதில்கள் சரிய ஆரம்பித்தன. 1996-லேயே ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் உலகப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். இந்த நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், பெட்டி படுக்கையோடு அந்தச் சந்துகளில் அப்பா அம்மாவை ஏற்றி இறக்குவதே பெரும்பாடு. வாசலில் இருந்து மேலே போகிற சரிவில் கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும். வெளியே, மொட்டைமாடியிலிருந்து கோட்டை தெரிகிற மாதிரி ஓர் அறை எடுங்கள். சொல்லப்போனால், உள்ளே இருந்தால் கோட்டை தெரியாது!

போய்ச் சேருகிற நாள் சாயங்காலம் காடிசர் ஏரி மட்டும் போதும். குழாய் வருவதற்கு முன் ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி. பிள்ளைகளுக்கு அந்தச் சரித்திரமெல்லாம் வேண்டியதில்லை. ரொட்டித் துண்டைப் போட்டால் பெரிய பெரிய கெளுத்தி மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிவரும், அதிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும்.

மறுநாள் காலை கோட்டை. அலாரம் வைத்து ஐந்து மணிக்கு எழுப்பி யாரையும் வதைக்காதீர்கள். நாட்டின் மேற்குக் கோடி என்பதால் டிசம்பரில் அங்கே விடிவதற்கே ஏழேகால் ஆகும். எட்டரை வாக்கில் கிளம்பினால் சரி. முதலில் கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களுக்குப் போய்விடுங்கள், வெளியாட்களைப் பெரும்பாலும் முற்பகலில்தான் விடுகிறார்கள். தோல் பெல்ட், பர்ஸ் உள்ளே கூடாது, அன்றைக்குத் துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே இறங்கி பட்வோன் கி ஹவேலி. வணிகக் குடும்பம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரிசையாகக் கட்டிய ஐந்து மாளிகைகள். ஒன்றுக்குள் போனால் போதும், படிக்கட்டுகள் செங்குத்தானவை. பெற்றோர் வாசலில் உட்கார்ந்து அந்த மாடங்களின் கல்வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்தாலே பாதி ஹவேலியைப் பார்த்த மாதிரி.

பன்னிரண்டரைக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, தூங்குங்கள். குளிர்காலம்தானே, வெயில் என்ன செய்யும் என்று தோன்றும். ஆனால் காற்றில் ஈரமே இல்லாததால் வியர்ப்பது தெரியாது, தண்ணீர் குடிக்கவும் தோன்றாது. தலைவலி வந்தபிறகுதான் தெரியும். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் சாயங்கால மணல்மேடு யாருக்கும் ருசிக்காது.

மூன்று மணிக்குக் கிளம்புங்கள். சாம் 40 கிலோமீட்டர், போகும் வழியில் பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன குல்தரா கிராமம் கொஞ்சம் விலகினால் வந்துவிடும், அரை மணி நேரம் ஒதுக்கலாம். பேய்க்கதை சொல்வார்கள், பிள்ளைகள் பயந்த சுபாவம் என்றால் வண்டியோட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சாமில் டிசம்பர் கடைசியில் திருவிழாக் கூட்டம். ஜீப் சத்தம், ஒலிபெருக்கி எல்லாம் இருக்கும். அமைதி வேண்டுமென்றால் தெற்கே இருக்கும் கூரி கிராமத்து மணல்மேடுகளே தேவலை. ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், சவாரி செய்பவர் அப்படியே முன்னால் சரிவார். உட்காரும்போது முன்முட்டி மடங்கும், மறுபடியும் முன்பக்கம்தான் சரிவு. இரண்டு தடவையும் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, சேணத்தை இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். சின்னவனைத் தனியாக ஏற்ற வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒட்டக வண்டி இருக்கிறது. என் மாமியார் அதில் போய்விட்டு, எங்களைவிட நன்றாகச் சூரிய அஸ்தமனம் பார்த்ததாக இன்றைக்கும் சொல்கிறார்.

இருட்டியதும் கூடாரங்களில் பாட்டு தொடங்கும். மாங்கணியார் பாடகர்கள் வந்திருந்தால் கடைசி வரிசையில் உட்காராதீர்கள். கர்தால் வாசிப்பவரின் கையைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். கைக்கு இரண்டு மரத்துண்டுகள், வளையமோ கயிறோ கிடையாது. விரல்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணுக்குப் பிடிபடாத வேகம். எங்கள் வீட்டுப் பையன் ஊர் திரும்பி இரண்டு ஸ்கேலை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் படுத்தினான்.

பாட்டு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுங்கள், கூடாரத்தில் படுக்கை வேண்டாம். சூரியன் இறங்கியதும் மணல் மளமளவென்று சூட்டை விட்டுவிடும். டிசம்பர் ராத்திரியில் பத்து டிகிரிக்குக் கீழே போகும். இளவட்டங்களாக வந்தால் வேறு பேச்சு.

சாப்பாட்டில் கேர் சாங்ரியைக் கட்டாயம் கேளுங்கள், பாலைவனத்துக் காயும் வன்னி மரத்தின் பிஞ்சும் சேர்த்துச் செய்வது. தயிர்சாதம் இல்லாமல் அப்பாவுக்கு இறங்காது என்றால் சோறும் தயிரும் தனித்தனியாகச் சொல்லி வாங்கிவிடலாம். கோட்டை வாசல் பக்கம் லஸ்ஸி வாங்கினால் மட்டும் சாதா லஸ்ஸிதானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே அரசு அனுமதியோடு பாங்கு என்னும் போதை தரும் கஞ்சா இலை அரைப்பைக் கலந்து விற்கும் கடையும் உண்டு.