வாடகை வீட்டு வாசலுக்குக் குறைந்த செலவில் கேமரா பொருத்துவது எப்படி?

வாடகை வீட்டின் வாசலைக் கண்காணிக்க, மாதச் சந்தா இல்லாமல், குறைந்த செலவில் கேமரா வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஒரு வாசல் மட்டும்தான் என்றால் மெமரி கார்டு போடும் வசதியுள்ள ஒரு வைஃபை கேமராவே போதும்.

கார்டைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 ஜிபி ஆகும் என்பதால், 128 ஜிபி கார்டில் பத்து, பதினோரு நாள் காட்சிகள் இருக்கும். அது நிறைந்ததும் பழையவை அழிந்து புதியவை பதிவாகும். ஓயாமல் எழுதப்படுவதால் சாதாரண கார்டு சீக்கிரம் கெட்டுவிடும். கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்கும் கார்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

மலிவு விலைக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். சுவரில் துளை போடும் முன், கேமராவை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, கைபேசியில் படம் தடங்கலின்றி வருகிறதா என்று பாருங்கள். எட்டு, ஒன்பது அடிக்கு மேல் மாட்டினால் வருபவரின் உச்சந்தலைதான் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் வெள்ளைச் சுவரை ஒட்டி மாட்டியதால், இரவில் படமெடுக்கக் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் திரும்பிப் படமே வெளுத்துவிட்டது. ஒரு சாண் தள்ளி மாட்டிய பிறகுதான் வாசற்படியில் கிடந்த செருப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது.

கேமராவோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களுக்குள் நுழைந்தது. மின்வெட்டின்போதும் பதிவு தொடர வேண்டுமானால் கேமராவையும் ரௌட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள்.