கேள்வி–பதில்: அணியை ஒப்பிடும்போது நிரையா, நிரலா?

கேள்வி: ஆர் (R) கணினி மொழியில் 4 நிரை (row), 3 நிரல் (column) உள்ள ஓர் அணி (matrix) இருக்கிறது. நிரல்களுக்கு முறையே 10, 20, 30 என்று வரம்பு. 'அணி > வரம்பு' என்று கொடுத்தால் பிழையே காட்டாமல் விடை வருகிறது. கையால் சரிபார்த்தால் பல கட்டங்கள் தப்பு. ஏன்?

பதில்: ஆர் ஓர் அணியை நிரல் நிரலாகத்தான் நினைவகத்தில் அடுக்கி வைக்கிறது. முதல் நிரலை மேலிருந்து கீழாக முடித்த பிறகே இரண்டாம் நிரல். நீங்கள் கொடுத்த வரம்பு வெக்டரும் (எண்களின் வரிசை) அதே பாதையில் இறங்கும். தீர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே முதல் நிரலின் நான்கு கட்டங்களும் 10, 20, 30, 10 ஆகியவற்றோடு மோதுகின்றன. இரண்டாம் நிரலுக்கு 20, 30, 10, 20. முதல் நிரலின் இரண்டாம் கட்டத்தில் 15 இருந்தால், 10-ஐத் தாண்டியதற்கு ட்ரூ வர வேண்டும். 20-உடன் ஒப்பிடப்பட்டு ஃபால்ஸ் வருகிறது.

எச்சரிக்கை வராததற்குக் காரணம், 12 கட்டங்கள் 3-ஆல் மீதியின்றி வகுபடுவது. 5 வரம்புகள் கொடுத்திருந்தால் நீளம் பொருந்தவில்லை என்று முணுமுணுத்திருக்கும்.

சரியான வழி: ஸ்வீப்(அணி, 2, வரம்பு, ">"). இதில் 2 என்றால் நிரல், 1 என்றால் நிரை. கடைசி உறுப்பை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஒப்பிடாமல் கழித்துவிடும், அதுதான் இயல்புநிலை. 2-க்குப் பதில் 1 போட்டால் நீளம் ஒத்துவராது என்று எச்சரிக்கும். நிரைகளின் எண்ணிக்கை வரம்புகளின் எண்ணிக்கையால் மீதியின்றி வகுபட்டால், சதுர அணியில் போல, அந்தக் காவலும் இல்லை. அதனால் சோதனைக்குச் சதுர அணியை எடுக்கவே கூடாது. 2 நிரை, 3 நிரல் உள்ள அணி போதும்.

நிரைக்கு ஒரு வரம்பு என்றால் 'அணி > வரம்பு' தானாகவே சரியாக வரும். பைத்தான் மொழியின் நம்பை (NumPy) தொகுப்பில் நிலைமை தலைகீழ்: அங்கே 3 நீள வெக்டர் நிரல்களோடு பொருந்தும், 4 நீளம் பிழை தரும். இரண்டு மொழியிலும் மாறி மாறி எழுதுபவர்கள் சிக்குவது இங்கேதான்.

கேள்வி: ஒவ்வொரு நிரையிலும் அதன் சராசரியைத் தாண்டியவற்றைக் கண்டுபிடிக்க, நிரைதோறும் ஒரு சார்பை ஓட்டும் அப்ளை பயன்படுத்தினேன். 4க்கு 3 அணி 3க்கு 4 ஆகத் திரும்பி வருகிறதே?

பதில்: அப்ளை ஒவ்வொரு நிரைக்கும் கிடைத்த விடையை ஒரு நிரலாக அடுக்கும். அதனால் 'டி' சார்பால் திருப்பிப் போட வேண்டும். இங்கே அப்ளையே தேவையில்லை: அணி > ரோமீன்ஸ்(அணி) என்றால் முடிந்தது; ரோமீன்ஸ் நிரைகளின் சராசரிகளைத் தரும்.

கேள்வி: நிரையில் பெரிய மதிப்பு எந்த நிரலில் என்று மேக்ஸ்.கால் மூலம் பார்க்கிறேன். ஓட்டும்போதெல்லாம் விடை மாறுகிறது.

பதில்: சமமான மதிப்புகள் இருந்தால் அது குலுக்கல் முறையில் ஒன்றை எடுக்கும். மிக நெருங்கிய எண்களையும் சமம் என்றே கருதும். டைஸ்.மெத்தட் = "ஃபர்ஸ்ட்" என்று கொடுங்கள். நிரையில் ஓர் என்ஏ (விடுபட்ட மதிப்பு) இருந்தாலும் விடை என்ஏதான். அப்ளையோடு, பெரிய மதிப்பின் இடத்தைச் சொல்லும் விச்.மேக்ஸ் வைத்தால் என்ஏவைத் தாண்டிப் போகும். ஆனால் நிரை முழுக்க என்ஏ என்றால் அந்த இடத்தில் வெறுமை வந்து, மொத்த விடையும் லிஸ்டாக மாறிவிடும்.

கேள்வி: ஒரே அளவுள்ள இரண்டு அணிகளில் எந்தெந்த நிரைகள் ஒன்று?

பதில்: ரோசம்ஸ்(அ != ஆ) == 0. இது வேறுபடும் கட்டங்களை நிரைதோறும் எண்ணும்; எண்ணிக்கை 0 என்றால் அந்த நிரை ஒன்றே. முழு எண்களுக்கு இது போதும். கணக்கிட்டு வந்த தசமங்களுக்கு ஆகாது; 0.1 + 0.2 என்பது 0.3-க்குச் சமமில்லை என்றே ஆர் சொல்லும். அங்கே ரோசம்ஸ்(ஏபிஎஸ்(அ - ஆ) > 0.00000001) == 0 என்று எழுதுங்கள்.