பாட்டி அழணும், பையன் ஓடணும்! ஊடகமும் வயதும் – வாசகர் கேள்வி பதில்

பேப்பரைத் திறந்தால் என் வயதுக்காரர்கள் ஒன்று சங்கிலியைப் பறிகொடுக்கிறார்கள், இல்லையென்றால் மனுவும் கையுமாக அழுகிறார்கள். நாங்கள் வேறு எதுவுமே செய்வதில்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருமங்கலம்

செய்கிறீர்கள். ஆனால் நிருபர் வந்துபோகும் இடங்களில் செய்வதில்லை. மாவட்ட நிருபருக்கு அன்றாடம் செய்தி கிடைப்பது காவல் நிலையம், பெரியாஸ்பத்திரி, கோர்ட், கலெக்டர் ஆபீஸ் ஆகிய இடங்களில்தான். காவல் நிலையப் பதிவேட்டில் வயதானவர் பறிகொடுத்தவராக இருப்பார், இளைஞர் பிடிபட்டவராக இருப்பார். அது அப்படியே பேப்பருக்கு வருகிறது.

திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் வாசலைப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள் என்று எல்லா வயதுக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். கேமரா மட்டும் தடியூன்றி வரும் பாட்டியையும், மஞ்சப்பைக்குள் மடித்து வைத்த மனுவையும் தேடிக்கொண்டு போகும். மறுநாள் படம் வந்துவிடும். மனு பட்டாவுக்கா, உதவித்தொகைக்கா, அதிகாரி என்ன பதில் சொன்னார் என்ற விவரம் பல நேரம் படக்குறிப்பில் இருக்காது.

சாதித்த பெரியவர்களுக்கும் இதே கதிதான். மதுரை மாவட்டத்தின் சின்னப்பிள்ளை, விவசாயக் கூலிப் பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகத் திரட்டிய களஞ்சியம் இயக்கத் தலைவி. விருது மேடையில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோதும் செய்திகள் அந்த வணக்கத்திலிருந்துதான் தொடங்கின. குழுக் கணக்கு எப்படி நடக்கிறது, கடன் எப்படித் திரும்புகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

மூத்த குடிமக்கள் நலச் சட்டம் (2007) 60 வயது நிறைந்தவரைத்தான் மூத்த குடிமகன் என்கிறது. 54 வயதுப் பெண்ணை ‘மூதாட்டி’ ஆக்குவது செய்தி டெஸ்க்கின் வேலை. பெயரும் தொழிலும் போட்டுவிட்டால் அந்தச் சொல்லே தேவைப்படாது.

இதழியல் முதுகலை படிக்கிறேன். மதுரைப் பதிப்பு நாளிதழில் எந்த வயதினரை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆய்வு செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, நாகமலை புதுக்கோட்டை

முதலில் இதழ்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கையில் கிடைத்த ஏழு நாள் பேப்பரை வரிசையாக எடுத்தால் கணக்கு கோணிவிடும். முன் பதிலில் சொன்ன திங்கட்கிழமைக் கூட்டத்தால் செவ்வாய் இதழில் மனு கொடுக்கும் முதியவர்கள் கூடுவார்கள். ஜனவரி நடுவில் எடுத்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று காளையை அணைக்கும் இளைஞர்கள்தான் பக்கமெல்லாம் இருப்பார்கள். பொதுத்தேர்வு முடிவு வாரத்தில் எடுத்தால் இனிப்பு ஊட்டிக்கொள்ளும் மாணவிகள்.

அதனால் வாரத்தை நீங்களே கட்ட வேண்டும். ஓர் ஆண்டின் திங்கட்கிழமைகளை எல்லாம் சீட்டு எழுதிக் குலுக்கி இரண்டு எடுங்கள். செவ்வாய்க்குத் தனியாகக் குலுக்கி இரண்டு. ஞாயிறு வரை இப்படியே எடுத்தால் 14 இதழ். நாளிதழின் ஓராண்டைப் பற்றிப் பேச இந்த இரண்டு கட்டிய வாரங்கள் பொதுவாகப் போதும்.

அடுத்து பதிவுத்தாள். படத்தில் தெரியும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. தேதி, பக்கம், படத்தின் அளவு (எத்தனை பத்தி அகலம், எத்தனை செ.மீ. உயரம்), வயதுப் பிரிவு, ஆணா பெண்ணா, பெயர் இருக்கிறதா, தொழில் இருக்கிறதா, அவர் சொன்னதாக ஒரு வரியாவது இருக்கிறதா. கடைசியாக, செய்தியில் அவர் யார்: பாதிக்கப்பட்டவரா, குற்றம் சாட்டப்பட்டவரா, உதவி பெறுபவரா, விவரம் அறிந்து கருத்துச் சொல்பவரா, கூட்டத்தில் ஒருவரா. வயதை 0–14, 15–29, 30–59, 60-உம் அதற்கு மேலும் என்று பிரித்து, ‘தெரியவில்லை’ என்று ஐந்தாவது கட்டமும் வையுங்கள். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் சாயம் பூசிய தலையெல்லாம் நடுவயதுக் கணக்கில் போய் விழும். செய்தியில் வயது அச்சாகியிருக்கிறதா, முகம் பார்த்து ஊகித்ததா என்பதையும் குறியுங்கள்.

இரண்டு விஷயங்களைத் தனியாக ஒதுக்காவிட்டால் முடிவு தலைகீழாகும். ஒன்று, அரசியல் தலைவர்கள். அமைச்சர்களிலும் கட்சித் தலைவர்களிலும் 60 தாண்டியவர்கள் நிறைய. அவர்களைச் சேர்த்து எண்ணினால் முதியவர்களுக்குப் பேப்பரில் ராஜமரியாதை நடப்பதுபோலத் தெரியும். இன்னொன்று, விளம்பரங்கள். கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி, மணிவிழா வாழ்த்து எல்லாம் வீட்டார் காசு கொடுத்துப் போட்ட படங்கள், ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்தவை அல்ல. தலைவர்களையும் விளம்பரங்களையும் கழித்த பிறகு மிஞ்சும் 60+ பங்கை மக்கள்தொகைப் பங்கோடு ஒப்பிடுங்கள். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 60 நிறைந்தவர்கள் 10.4 விழுக்காடு. இப்போது அது கூடியிருக்கும் என்பதால் ஆண்டைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

நீங்கள் ஒருவரே பதிந்தால் ஆய்வின் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொரு மாணவரிடம் 100 வரிகளைக் கொடுத்து, உங்கள் தாளைக் காட்டாமல் பதியச் சொல்லுங்கள். 80-க்கும் குறைவாக ஒத்துப்போனால் ஆளைக் குறை சொல்லாதீர்கள், விதியைத் திருத்தி எழுதுங்கள். ‘உதவி பெறுபவர்’, ‘பாதிக்கப்பட்டவர்’ இரண்டுக்கும் நடுவில்தான் வழக்கமாகக் குழப்பம் வரும். வெள்ள நிவாரணம் வாங்கும் பாட்டி எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வையுங்கள். தற்செயல் ஒற்றுமையைக் கழித்துக் காட்டும் ‘கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா’ என்ற அளவு 0.80-க்கு மேல் வந்தால் நிம்மதி.

90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ் சண்டை நிஜமா?
– வாசகர், மேலூர்

மீம் பக்கங்களுக்கு நிஜம். 1999 டிசம்பரில் பிறந்தவரையும் 2000 ஜனவரியில் பிறந்தவரையும் பிரிக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. இளைஞர்களின் பெயர் எவ்வளவு வேகமாக மாறும் என்று பார்க்க வேண்டுமானால் 2017 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கம் மைதானத்திலும் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்தவர்களை ‘குப்பையைக்கூடத் தாங்களே அள்ளும் இளைஞர்கள்’ என்று கொண்டாடினார்கள். 23-ஆம் தேதி சென்னை மெரினாவில் போலீஸ் கலைத்த பிறகு, ‘சமூக விரோதிகள் ஊடுருவல்’ என்ற காவல்துறைப் பேச்சு தலைப்புக்கு ஏறியது. செய்தி சொல்லும் ஆள் மாறியதும் தலைப்பும் மாறிவிட்டது.

எங்கள் ஊர்ச் சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமையை ஒரு யூடியூப் சேனல் முகத்தை மறைத்துத்தான் போட்டது. ஆனாலும் யாரென்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ‘பெற்றோர் சம்மதித்தார்கள்’ என்கிறார்கள். இது சரியா?
– வாசகி, உசிலம்பட்டி வட்டம்

சரியில்லை. போக்சோ சட்டம் (2012) 23-ஆம் பிரிவு முகத்தை மட்டும் பேசவில்லை. பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என, குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. சிறப்பு நீதிமன்றம் குழந்தையின் நலன் கருதிக் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதித்தால் மட்டுமே விலக்கு உண்டு. பெற்றோர் சம்மதம் அங்கே செல்லாது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிருபர் மட்டுமல்ல, வெளியிட்டவரும் உரிமையாளரும் பொறுப்பு.

ஊருக்கு எப்படித் தெரிந்தது? ‘உசிலம்பட்டி அருகே’, ‘ஆறாம் வகுப்பு’, ‘அப்பா டீக்கடை’ ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் படித்தால் ஒரே வீடுதான் மிஞ்சும். அழும் தாயின் முகம், யூனிஃபார்ம் நிறம், பின்னால் தெரியும் கோயில் தூண் எல்லாம் அதே வேலையைத்தான் செய்யும். செல்போன் ஆப்பில் ஒட்டும் மறைப்பு, குழந்தை தலையைத் திருப்பும் நொடியில் விலகிவிடும். குரலைக் கனமாக்கிப் போட்டால் அதைத் திரும்பப் பழையபடி ஆக்கவும் மென்பொருள் இருக்கிறது. சொன்னதை வேறொருவர் குரலில் வாசிப்பதுதான் பாதுகாப்பு. தப்புச் செய்ததாகப் பிடிபட்ட சிறுவர்களின் அடையாளத்துக்கும் இளைஞர் நீதிச் சட்டம் (2015) 74-ஆம் பிரிவில் தடை உண்டு.

வீடியோ முகவரி, பதிவேற்றிய தேதி, அடையாளம் தெரியும் நிமிடம்-நொடி ஆகியவற்றைக் குறித்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். ‘பாருங்கள், எப்படிப் போட்டிருக்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் அந்த இணைப்பைத் தட்டிவிடாதீர்கள். அதுவும் பரப்புவதுதான்.

வயதான நாட்டுப்புறக் கலைஞர்களைப் பேட்டி எடுத்துப் போடுகிறேன். எல்லாம் பரிதாபமாகவே வருகிறது. ஏன்?
– யூடியூபர், சோழவந்தான்

கேமராவை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் நின்றபடி எடுத்தால் பார்ப்பவரும் குனிந்துதான் பார்ப்பார். லென்ஸ் அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். உச்சி வெயில் கண்குழியில் நிழல் போட்டுச் சுருக்கத்தைக் கூட்டும் என்பதால் காலை ஒன்பதுக்குள், இல்லையென்றால் நிழலில் எடுங்கள். காலர் மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள், புடவை உரசாத இடமாக. காது மந்தமானவரிடம் கத்திக் கேட்டால் அவரும் கத்துவார், வீடியோவில் அது கோபமாகக் கேட்கும். எதிரில் உட்கார்ந்து, உதடு தெரிய, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி ‘சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க பாட்டி?’ என்றால் மீதி அரைமணியும் அழுகைதான். ‘இந்தத் தெம்மாங்கு யார்கிட்ட படிச்சீங்க?’ என்று தொடங்குங்கள். பரவை முனியம்மா 2003-ல் திரைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே மேடைப் பாடகி. திரையோ அவரைப் பெரும்பாலும் சிரிக்க வைக்கும் கிராமத்துப் பாட்டியாகத்தான் பயன்படுத்திக்கொண்டது. வறுமையைச் சொல்லக் கூடாது என்பதில்லை. பாட்டைக் கேட்ட பிறகு சொல்லுங்கள். அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைத் திரையில் போடவே வேண்டாம், மோசடிக்காரர்களுக்கு அது அழைப்பு. ஆதரவற்ற நிலை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் போடுங்கள்.

என் ஒன்பது வயது மகனை டி.வி. காமெடி நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
– தாய், வில்லாபுரம்

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 விழுக்காடு, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பையன் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். வசனத்தை முந்தைய நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரியவர்கள் பேசும் இரட்டை அர்த்தத்தைப் பிள்ளை வாயில் வைத்துக் கைத்தட்டல் வாங்குவது இந்த நிகழ்ச்சிகளின் பழைய வித்தை. மேடையில் ஏறிய பிறகு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

வயதானவர்களைக் கேவலமாகக் காட்டும் சீரியலைப் பற்றி எங்கே புகார் செய்வது?
– வாசகர், ஆரப்பாளையம்

முதலில் சேனலுக்கே எழுத்தில் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, 15 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்துள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். செய்தித்தாள் என்றால் ஆசிரியருக்கு எழுதிவிட்டு, பிறகு இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். நாளிதழ், வார இதழுக்கு வெளியான நாளிலிருந்து இரண்டு மாதம், மற்றவற்றுக்கு நான்கு மாதம் கெடு. நறுக்கோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். மன்றத்தால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும், அபராதம் போட முடியாது. ‘உங்கள் சீரியல் மோசம்’ என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். தேதி, நேரம், எந்தக் காட்சி, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ஒளிபரப்பின் பதிவைச் சேனல் 90 நாள்தான் வைத்திருக்க வேண்டும், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.