ஏ பிளஸ் தேர்வுக்கு எந்த வழிகாட்டி நூல்?

கேள்வி: நான்கு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். கணினித் தொழில்நுட்பப் பணியாளர்களுக்காகக் காம்ப்டியா நிறுவனம் நடத்தும் ஏ பிளஸ் சான்றிதழ்த் தேர்வை எழுத விரும்புகிறேன். 220-1001, 220-1002 என்று அட்டையில் அச்சிட்ட தடித்த வழிகாட்டி நூல் ஒன்று பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நண்பரோ, இணையத்தில் உலவும் கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்தாலே போதும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது நூலின் தடிமனையன்று, அட்டையில் உள்ள தேர்வு வரிசை எண்ணை. நீங்கள் சொல்லும் வரிசை 2019-இல் வந்து 2022-இல் விலக்கப்பட்டது. விண்டோஸ் 11 வெளிவந்ததே 2021 அக்டோபரில் என்பதால், அதற்கு முன் அச்சான நூலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. 2025 மார்ச்சில் அறிமுகமானது 220-1201, 220-1202 என்ற வரிசை. கோர் 1 (220-1201), கோர் 2 (220-1202) என்னும் இரு தாள்களிலும் தேர்ச்சி பெற வேண்டும்; அவை ஒரே வரிசையைச் சேர்ந்தவையாகவும் இருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தைக் காம்ப்டியா தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது. அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு புத்தகக் கடைக்குச் செல்லுங்கள். கோர் 1 தாளில் கால் பங்குக்கும் மேல் பழுது கண்டறிதலுக்கு உரியது. அந்தப் பகுதியைச் சில பக்கங்களில் முடித்துவிடும் நூலைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

நான் எப்போதும் புரட்டிப் பார்ப்பது லேசர் பிரிண்டர் பகுதியைத்தான். அச்சாகும் படிநிலைகள் ஏழு என்று பெயர்களை மட்டும் அடுக்கும் நூல் உங்களுக்கு உதவாது. டிரம் என்னும் உருளையின் மேல் மின்னூட்டம் ஏற்றப்படுவதையும், லேசர் ஒளி பட்ட இடத்தில் டோனர் என்னும் மைத்தூள் ஒட்டுவதையும், அது தாளுக்கு மாறியபின் ஃபியூசரின் சூட்டில் உருகிப் பதிவதையும் தொடர்ச்சியாக விளக்கி, அச்சான எழுத்து விரல் பட்டதும் உதிர்ந்தால் ஃபியூசரைச் சந்தேகிக்க வேண்டும், ஒரே கறை சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் டிரம்மைப் பார்க்க வேண்டும் என்று பழுதோடு சேர்த்துச் சொல்லும் நூலே நல்ல நூல். கடையில் நீங்கள் கையால் அறிந்ததற்கு அது காரணம் சொல்லித் தரும்.

பயிற்சி வினாக்களில், சரியான விடையோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்ற விளக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வு தமிழில் நடப்பதில்லை. எனவே உங்களுக்குத் தடங்கலின்றிப் புரியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலாக இருப்பது மிக முக்கியம்.

நண்பர் சொல்வதுபோல் இணையத்தில் கசிந்த கேள்விகளைப் படிப்பது தேர்வு விதிகளுக்கு முரணானது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழே ரத்தாகலாம். மேலும், ஒவ்வொரு தாளிலும் 90 நிமிடங்களுக்குள் அதிகபட்சம் 90 கேள்விகளைச் சந்திப்பீர்கள். அவற்றுள் சில, திரையிலேயே அமைப்புகளை மாற்றிக் காட்டச் சொல்லும் செய்முறைக் கேள்விகள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

உங்கள் அனுபவத்துக்குக் கோர் 1 நெருக்கமானது. அதை முதலில் எழுதுங்கள். பாதுகாப்பு, பணி நடைமுறைகள் போன்று கடை வேலையில் அதிகம் பழகாத பகுதிகள் கோர் 2-இல் வருவதால், நூலின் அந்த அத்தியாயங்களுக்குக் கூடுதலாகச் சில வாரங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.