படித்த நாவலைப் பற்றி ‘அருமை’ என்பதற்கு மேல் எழுதுவது, பேசுவது எப்படி?

நாவலை முடித்ததும் ‘அருமை, விறுவிறுப்பு’ என்பதைத் தாண்டி எழுத வரவில்லை, சென்னையில் நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு நாவல் பேசலாம் என்றிருக்கிறோம், எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்குமே வேலை படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. குறித்துவைக்காமல் படித்தால் கடைசியில் கையில் மிஞ்சுவது ‘அருமை’ மட்டும்தான்.

சொந்தப் புத்தகம் என்றால் 2பி பென்சில் போதும். வரிக்கு அடியில் கோடு இழுக்க வேண்டாம், ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பின்னட்டைக்கு முந்தைய வெற்றுத்தாளில் பக்க எண்ணையும் அதற்குப் பக்கத்தில் இரண்டு மூன்று சொற்களையும் எழுதுங்கள்: ‘84 – மாமியார் சாவி’, ‘131 – இங்கே சலிப்பு’. நூலகப் புத்தகத்தில் பென்சிலும் படக்கூடாது. நீளமாகக் கிழித்த ஒரு துண்டுத்தாளைச் செருகி, குறிப்பை அதிலேயே எழுதுங்கள். 300 பக்க நாவலுக்கு 12, 15 குறிப்புகள் தாராளம். நாற்பதைத் தாண்டினால் எதைப் பேசுவது என்று பிறகு திணற வேண்டியிருக்கும். பிடித்த இடத்தை எல்லோரும் குறிப்பார்கள், சலித்த இடத்தைக் குறிப்பவர் குறைவு. அடுத்து படிக்கப்போகிறவருக்கு அதிகம் உதவுவது அந்தக் குறிப்புதான்.

முடித்த இரண்டு நாளுக்குள், மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்கும் முன்பே, முதல் பத்தியை எழுதிவிடுங்கள். பார்த்துவிட்டால் அவர்களுடைய சொற்கள் உங்கள் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

‘அம்மா பாத்திரம் மனதைத் தொட்டது’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போனபின், மீந்த கேசரியை அம்மா கரண்டியால் வழித்து டப்பாவில் போடுகிறாள். அந்த அரைப் பக்கத்தில் யாரும் அழவில்லை, யாரும் பேசவில்லை. வீட்டில் இது முதல் முறை இல்லை என்பது அந்தக் கை வேகத்திலேயே தெரிந்துவிடுகிறது.’ மூன்று வாக்கியம்தான், ஆனால் இந்த நாவலை எழுதியவர் எப்படி எழுதுபவர் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். இப்படி ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு நெருங்கிப் பார்த்தால் எழுத வேண்டியதில் பாதி முடிந்த மாதிரி. கதைச் சுருக்கம் நான்கைந்து வரியைத் தாண்ட வேண்டாம். நாவலின் முதல் கால்பகுதிக்குப் பின் வருவதைச் சுருக்கத்தில் சொல்லாதீர்கள்.

இடத்தைக் காட்டும்போது பக்க எண்ணைவிட அத்தியாய எண் நல்லது. நாட்டுடைமையான நூல்களைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன, ஒன்றின் பக்கம் இன்னொன்றோடு பொருந்தாது. ‘பொன்னியின் செல்வன்’ நல்ல உதாரணம். ஐந்து பாகம், ஒவ்வொன்றிலும் அத்தியாய எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் ‘மூன்றாம் பாகம், 20ஆம் அத்தியாயம்’ என்று சொன்னால்தான் எல்லோரும் ஒரே இடத்தைத் திறப்பார்கள். சுருக்கப் பதிப்புகளும் விற்பனையில் உண்டு. நீங்கள் படித்தது எது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த நாவல் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. நம்முடைய வெகுஜன நாவல்களில் பல இப்படி வந்தவைதான். அத்தியாய முடிவில் ஒரு திடுக்கிடல், அடுத்ததன் தொடக்கத்தில் பழையதை நினைவூட்டும் நாலு வரி எல்லாமே ஒரு வாரம் காத்திருந்தவருக்காக எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் 200 பக்கம் படிப்பவருக்கு அவை கூறியது கூறலாகத்தான் படும். ‘இழுவை’ என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் நாளைக்கு மூன்று அத்தியாயம் என்று குறைத்துப் பாருங்கள். அப்படிப் படித்தும் இழுத்தால் தாராளமாக எழுதுங்கள். இதழிலிருந்து கிழித்து ஓவியங்களோடு பைண்டு செய்த பழைய தொகுப்பு யார் வீட்டிலாவது கிடைத்தால் கட்டாயம் புரட்டிப் பாருங்கள். வாரம் எங்கே முடிந்தது, எந்தக் காட்சிக்கு ஓவியர் படம் போட்டார் என்பதெல்லாம் அதில் கண்முன் தெரியும்.

சரித்திர நாவல் என்றால் இன்னொரு பொறுப்பும் உண்டு. 2022, 2023இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் இரண்டு பாகமாக வந்தபின் புதிதாகப் படிக்க வந்தவர்கள் பலர் நந்தினியைச் சரித்திரத்தில் தேடுகிறார்கள். நந்தினி கற்பனை. ஆனால் ரவிதாசன் பெயர் காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கிறது, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளில் ஒருவனாக. எது கல்வெட்டு, எது கற்பனை என்று இரண்டு வரியில் பிரித்துச் சொன்னால் நாவலாசிரியரின் கைவேலையும் துலங்கும்.

வட்டார வழக்கு நாவலைப் பற்றி ‘நடை கடினம்’ என்று சொல்வது அநியாயம். கரிசல் வழக்கா, நாஞ்சில் நாட்டு வழக்கா, கொங்கு வழக்கா, எத்தனை பக்கத்தில் பழகியது, பின்னால் சொற்பொருள் இருக்கிறதா என்று சொல்லுங்கள். சென்னை வாசகர்கள் பலர் தடுக்கி நிற்பது முதல் 30 பக்கத்தில்தான். வாய்விட்டுப் படித்தால் அது பெரும்பாலும் சரியாகிவிடும்.

துப்பறியும் நாவலுக்கு ‘முடிவு எதிர்பாராதது’ என்றுகூட எழுதாதீர்கள். அதைப் படித்தவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரையும் சந்தேகிப்பார், பாதியிலேயே ஆளைப் பிடித்துவிடுவார்.

இனி கூட்டம். எட்டிலிருந்து பத்துப் பேர் சரியான அளவு, பதினைந்து ஆனால் பேசுகிற நாலு பேரே பேசுவார்கள். நூலக வாசிப்பறையில் உட்கார்ந்து பேச முடியாது. தி.நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி எப்போதும் வண்டிச் சத்தம், நடேசன் பூங்கா அதைவிடத் தேவலை. ஞாயிறு மாலை 4.30க்கு உட்கார்ந்தால் இருட்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிடம், குறுக்கே யாரும் பேசக்கூடாது. பிடிக்காதவரை முதலில் பேசவிடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் நாலு பேர் புகழ்ந்தபின் ஐந்தாமவர் ‘எனக்கும் பரவாயில்லை’ என்று மழுப்பிவிடுவார். முடிவைப் பற்றிய பேச்சைக் கடைசி அரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிக்காதவர் விருப்பப்பட்டால் அப்போது எழுந்து போகலாம்.

இப்படிப்பட்ட கூட்டங்கள் சில மாதத்தில் நின்றுபோகப் பிரதி கிடைக்காததும் ஒரு காரணம். கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ ஒரு தலைப்புக்குப் பத்துப் பிரதி எதிர்பார்க்க முடியாது. அதனால் தொடக்கத்தில் 250 பக்கத்துக்குள், இப்போது அச்சில் உள்ள நாவலாக எடுங்கள். ஐந்து வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாக 10 சதவீதம் கழிவு உண்டு, ஆறு மாதத்துக்கான தலைப்புகளை முடிவு செய்துகொண்டு போனால் எல்லோரும் ஒரே பதிப்பாக வாங்கிவிடலாம். அச்சில் இல்லாததைப் படித்தே ஆக வேண்டுமென்றால் திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். ஆனால் வாங்கும் முன் கடைசிப் படிவம், அதாவது சேர்த்துத் தைத்த கடைசிப் பக்கக் கட்டு, இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், தையல் விட்டு கடைசி 16 பக்கம் காணாமல் போயிருக்கலாம்.