கொடுக்க வந்தவரிடம் விசாரணையா?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவன இணையதளத்தைப் புதுப்பித்தோம். அழகாகத்தான் இருக்கிறது, நன்கொடையும் இல்லை, தன்னார்வலர்களும் இல்லை. முகவரி இணைத்துள்ளேன். என்ன குறை?

பதில்: கைப்பேசியில் திறந்தேன். நிர்வாகிகள் வரிசையாக நிற்கும் படம் நகர்ந்தது, அடுத்ததிலும் அவர்களே! 'நன்கொடை' பொத்தானைத் தேடியே விரல் தேய்ந்தது. கிடைத்ததும் கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை, பிறந்த தேதி சொல் என்கிறது படிவம். கொடுக்க வந்தவரிடம் இத்தனை விசாரணையா? பெயர், மின்னஞ்சல், தொகை, பணம் செலுத்தும் வழி போதும். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

'எங்களுடன் இணையுங்கள்' என்றால் யார் வருவார்? 'சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், குழந்தைகளுக்குக் கதை வாசிக்க ஆள் தேவை' என்று கேளுங்கள். எழுதியவருக்கு மறுநாளே பதில் போகட்டும். நகரும் படங்களை இன்றே எடுத்துவிடுங்கள். தலைவர் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.